கூடாரம் எங்கே அடிக்கப்படும்? நமீபியா சஃபாரிக்குப் பணம் கட்டுவதற்கு முன்

நமீபியாவின் நமீப் பாலைவனத்தில் 'டூன் 45' என்றொரு செம்மணல் குன்று இருக்கிறது. அங்குள்ள தேசியப் பூங்காவின் செஸ்ரியம் நுழைவாயிலிலிருந்து 45 கிலோமீட்டர் உள்ளே இருப்பதால் அந்தப் பெயர். அதன் முகட்டில் உட்கார்ந்து சூரிய உதயம் பார்க்கும் காட்சி, அந்நாட்டுச் சுற்றுலா விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும். விளம்பரம் சொல்லாத விவரம் ஒன்று உண்டு. பூங்காவின் வெளிக்கதவு சூரியன் உதிக்கும்போதுதான் திறக்கும். கதவுக்கு உள்ளே இருக்கும் முகாமில் இரவு தங்கியவர்களுக்கு மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாக உள்கதவைத் திறந்துவிடுவார்கள். வெளியே கூடாரம் அடித்தவர்களுக்கு, கதவின் முன் வரிசையில் நிற்கும் வண்டிக்குள்ளேயே பொழுது விடிந்துவிடும்.

பயணத்திட்டத்தில் இதற்கென இருப்பது 'செஸ்ரியம் பகுதியில் இரவுத் தங்கல்' என்ற ஒற்றை வரிதான். கதவுக்கு உள்ளேயா, வெளியேயா என்று அதில் இராது. முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்காத பயணி, ஊர் திரும்பியபின் ஏஜென்டிடம் எவ்வளவு வாதாடினாலும் கையில் காட்ட ஆதாரம் இருக்காது.

வழிகாட்டியுடன் போகும் முகாம் சஃபாரியில் பயணி தன் வழி, வண்டி, உணவு, உறக்கம், பாதுகாப்பு எல்லாவற்றையும் இன்னொருவர் பொறுப்பில் விடுகிறார். அதற்காகத்தான் பணமும் கட்டுகிறார். அந்தப் பொறுப்பு எதுவரை என்பது பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் இருந்தாக வேண்டும். பாலைவனத்தின் நடுவில் நின்றுகொண்டு அதைப் பேசித் தீர்க்க முடியாது.

2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்கு வந்திறங்கியபோது அந்த நாட்டின் பெயர் இந்திய வீடுகளில் பரவலாக அடிபட்டது. பரப்பில் தமிழ்நாட்டைப் போல் ஆறு மடங்குக்கு மேல். மக்கள்தொகையோ சுமார் 30 லட்சம். வழக்கமான முகாம் சஃபாரி தலைநகர் விண்ட்ஹுக்கில் தொடங்கும். அங்கிருந்து சோசஸ்ஃப்ளே மணற்குன்றுகள், பிறகு அட்லாண்டிக் கரையில் ஸ்வாகோப்முண்ட், கேப் கிராஸ் கடல்நாய்க் கூட்டம், டமாராலாந்தின் பாறைச் செதுக்கல்கள், கடைசியாக எட்டோஷா தேசியப் பூங்கா என்று ஒரு பெரிய வட்டம் அடித்து மீண்டும் விண்ட்ஹுக். பாலை, கடல், காடு மூன்றும் ஒரே பயணத்தில் கிடைக்கின்றன. மூன்றின் ஆபத்துகளும் வெவ்வேறு.

விலையில் எது உண்டு, எது இல்லை

முகாம் சஃபாரிகளில் இரண்டு வகை. ஒன்றில் பணியாளர்களே கூடாரம் அடித்து, சமைத்து, பாத்திரமும் கழுவிவிடுவார்கள். இன்னொன்றில் பயணிகளே தினமும் தங்கள் கூடாரத்தை அடித்துப் பிரிக்க வேண்டும். காய் நறுக்குவதிலும் பாத்திரம் கழுவுவதிலும் முறை போட்டுக்கொண்டு பங்கேற்க வேண்டும். இரண்டாம் வகை மலிவு, கலகலப்பும் அதிகம். ஆனால் முழங்கால் வலியோடு போகும் 65 வயதுத் தம்பதிக்கு அது தெரியாமல் விற்கப்பட்டால், அந்தப் பயணம் தண்டனையாகிவிடும். எந்த வகை என்று தெளிவாகச் சொல்ல வேண்டியது விற்பவரின் கடமை.

அடுத்தது 'லோக்கல் பேமென்ட்'. சில நிறுவனங்கள் பயணத்தின் விலையை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை முன்பதிவில் வாங்கிக்கொண்டு, மறுபகுதியை முதல் நாள் காலை வழிகாட்டியின் கையில் ரொக்கமாகக் கொடுக்கச் சொல்கின்றன. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் பகுதி மட்டும். பூங்கா நுழைவுக் கட்டணம், தூங்குபை வாடகை, குடிநீர், தனியாக வருபவர் தனிக் கூடாரம் கேட்டால் கூடுதல் கட்டணம் ஆகியவையும் இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வரலாம். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடை செய்தன. முழு விலையை முதலிலேயே காட்டாமல் கடைசிக் கட்டத்தில் கட்டணங்களைச் சேர்ப்பது அவற்றில் ஒன்று. கேட்காமலேயே காப்பீட்டையோ நன்கொடையையோ கணக்கில் சேர்த்துவிடுவதும் அந்தப் பட்டியலில் உண்டு.

இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் வாங்கும்போது விற்பவர் டி.சி.எஸ். என்ற வரியையும் சேர்த்து வசூலிப்பார். இது கூடுதல் செலவு அல்ல. பயணியின் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்தப்படும் முன்வரி இது. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். வரி பாக்கி இல்லாவிட்டால் திரும்பப் பெறலாம். இதன் விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. வசூலித்த தொகை வருமான வரித் துறையின் பதிவில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். ஏறவில்லை என்றால் வரி கட்டப்படாமலோ, தவறான பான் எண்ணில் கட்டப்பட்டோ இருக்கலாம்.

சைவ உணவுக்காரர்கள் கேட்காமல் விடக் கூடாத கேள்வியும் உண்டு. நமீபிய முகாம்களில் இரவு உணவு பெரும்பாலும் நெருப்பில் வாட்டிய இறைச்சிதான். 'சைவம் கிடைக்கும்' என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பிப் போனால், பத்து நாளும் ரொட்டியும் சாலடுமாகக் கழியலாம். மூன்று வேளைக்கும் என்ன கிடைக்கும், தனிப் பாத்திரம் உண்டா என்பதை மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குவது நல்லது.

சிங்கத்தை விடச் சாலை ஆபத்து

நமீபியா போகும் பயணியின் மனதில் பயமாக இருப்பது சிங்கம். அதைவிட அதிகம் கவலைப்பட வேண்டியது சரளைச் சாலையைப் பற்றி. முக்கிய நெடுஞ்சாலைகளைத் தவிர மற்றவை பெரும்பாலும் தார் போடாதவை. நேராக, காலியாக, அடிவானம் வரை நீளும் அந்தச் சாலையில் வேகம் தன்னையறியாமல் கூடும். உதிரிச் சரளையில் சக்கரம் வழுக்கும்போதோ டயர் வெடிக்கும்போதோ ஓட்டுநர் சட்டென்று ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி உருண்டுவிடும். எதிரே இன்னொரு வண்டி வராமலேயே நடக்கும் விபத்து இது. சரளையில் 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட வேண்டாம் என்று அங்குள்ள வாடகைக் கார் நிறுவனங்களே வாடிக்கையாளர்களிடம் சொல்கின்றன. பொழுது சாய்ந்தால் குடு மான்கள் சாலைக்கு வரும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டுவதற்கு வாடகைக் கார்க் காப்பீடு பல சமயம் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

ஆகவே பயணத்திட்டத்தை வாங்கியதும் ஒவ்வொரு நாளின் தூரத்தையும் கூட்டிப் பார்க்க வேண்டும். விண்ட்ஹுக்கிலிருந்து செஸ்ரியம் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். செஸ்ரியத்திலிருந்து ஸ்வாகோப்முண்டும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டிலும் பெரும்பகுதி சரளை. மதியம்வரை சோசஸ்ஃப்ளேயில் குன்று ஏறிவிட்டு அன்றே இருட்டுவதற்குள் கடற்கரை போய்ச் சேர்வதாக ஒரு திட்டம் சொன்னால், அது வேகத்தை நம்பிப் போட்ட திட்டம்.

விலையைக் குறைக்கும் நிறுவனங்கள் முதலில் கை வைப்பது ஆட்களின் எண்ணிக்கையில். விடிகாலை எழுந்து தேநீர் போடுபவர், நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர், வழியெல்லாம் விளக்கம் சொல்பவர், இரவில் சமைப்பவர் எல்லாம் ஒரே ஆள் என்றால், நான்காவது நாள் அவருக்குக் கண் செருகும். எத்தனை பணியாளர்கள் வருகிறார்கள், ஓட்டுபவர் வேறா சமைப்பவர் வேறா என்று கேட்பது பயணியின் உரிமை. அந்தப் பணியாளரின் நலனும் அதில் அடங்கியிருக்கிறது. வண்டியில் எல்லா இருக்கைக்கும் சீட் பெல்ட் உண்டா, மாற்று டயர் எத்தனை, செல்பேசி எட்டாத இடங்களில் செயற்கைக்கோள் போன் உண்டா என்பதும் கேட்க வேண்டியவை. அந்தப் போன் நிறுவனத்துடையதாகவே இருக்கட்டும். அனுமதியின்றிச் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வெளிநாட்டில் வாங்கிக் கொண்டுவருபவர் நம் விமான நிலையத்திலேயே மாட்டிக்கொள்ளலாம்.

சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு உதவ நமீபியாவில் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மோட்டார் வாகன விபத்து நிதியம் இயங்குகிறது. தவறு யாருடையது என்ற வழக்கு முடியும்வரை காத்திராமல் உதவுவது அதன் அடிப்படை. அதன் அவசர எண் 9682. போலீஸ் எண் 10111. நிதியத்தின் உதவிக்கு வரம்புகள் உண்டு. அதை நம்பிப் பயணக் காப்பீட்டைத் தவிர்த்துவிடக் கூடாது.

கூடாரத்துக்கு வெளியே

2025 மே மாத இறுதியில், வடமேற்கு நமீபியாவின் ஹோவானிப் பகுதி முகாம் ஒன்றில், விடிவதற்கு முன் கழிப்பறைக்குப் போகக் கூடாரத்தை விட்டு இறங்கிய ஒருவரைச் சிங்கம் தாக்கிக் கொன்றது. அவர் அந்நாட்டை நன்கு அறிந்தவர், காட்டுப் பயணத்துக்குப் புதியவரல்ல. பக்கத்து நாடான ஜாம்பியாவில் 2024 மார்ச்சில் காஃபூ பூங்காவில் சஃபாரி வண்டியை யானை கவிழ்த்ததில் அமெரிக்கப் பயணி ஒருவர் இறந்தார். 2025 ஜூலையில் அதே நாட்டின் தெற்கு லுவாங்வா பூங்காவில், வழிகாட்டிகளுடன் நடந்து சென்ற இரண்டு பெண்களைக் கன்றோடு இருந்த யானை கொன்றது. வழிகாட்டிகள் துப்பாக்கியால் சுட்டும் அதைத் தடுக்க முடியவில்லை.

இப்படிப்பட்ட சம்பவங்கள் அரிது. ஆனால் வழிகாட்டி உடன் இருந்தால் விலங்கு விலகிப்போகும் என்ற நினைப்பு தவறு என்பதை அவை காட்டுகின்றன. வேலி போட்ட முகாமா, திறந்தவெளி முகாமா என்பது முதல் கேள்வி. எட்டோஷாவின் ஒகாகுயேயோ, ஹலாலி, நமுதோனி முகாம்களுக்கு வேலி உண்டு. வாயில்கள் சூரிய அஸ்தமனத்தில் மூடிவிடும். டமாராலாந்தின் வறண்ட ஆற்றுப் படுகைகளில் பல முகாம்களுக்கு வேலி கிடையாது. யானைகள் அவ்வழியே நடந்துபோகும். வேலியில்லாத முகாமில் இரவில் கழிப்பறைக்குப் போவது எப்படி என்ற விளக்கத்தை முதல் நாள் மாலையே வழிகாட்டி சொல்லித் தர வேண்டும். அவர் சொல்லாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலிக்குள்ளும் விருந்தாளிகள் உண்டு. ஒகாகுயேயோவில் விளக்கொளியில் காண்டாமிருகம் நீர் குடிப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புபவரின் கூடாரத்தில் நரி ரொட்டியைத் தின்றுகொண்டிருக்கலாம். ஹலாலியில் தேன்வளைக்கரடிகள் (ஹனி பேட்ஜர்) குப்பைத் தொட்டியை உருட்டும். பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் தொட்டுவிடக் கூடாது. நமீபியாவில் வெறிநாய்க்கடி நோய், நரிகளிடம் மட்டுமல்ல, குடு மான்களிடமும் பரவியிருக்கிறது. கடித்தாலோ நகம் கீறினாலோ உடனே சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, தடுப்பூசிக்கு நகரத்துக்கு அழைத்துப் போகச் சொல்ல வேண்டும். பயண அட்டவணை குலையும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

பாலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரவுக் குளிர் உறைநிலையைத் தொடும். ஆண்டு இறுதி மாதங்களில் பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். சோசஸ்ஃப்ளே பகுதியில் 300 மீட்டருக்கும் மேல் உயரமான 'பிக் டாடி' குன்றில் ஒவ்வோர் அடிக்கும் மணல் பாதி அடி பின்னுக்கு இழுக்கும். இதய நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்கள் கீழேயே இருந்து டெட்ஃப்ளேவின் பட்டமரங்களைப் பார்ப்பதில் குறைவொன்றுமில்லை. குழுவுக்காகத் தன்னை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை. காலையில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு அணிவது தேளுக்காக.

கடற்கரையில் வேறு விதம். பெங்குவேலா நீரோட்டத்தால் அங்கே கடல் எப்போதும் சில்லென்றிருக்கும், அலை இழுக்கும், பனிமூட்டம் மணிக்கணக்கில் நிற்கும். 'எலும்புக்கூட்டுக் கரை' முழுக்க உடைந்த கப்பல்கள் கிடப்பதற்கு அந்த மூட்டமும் ஒரு காரணம். ஸ்வாகோப்முண்டில் குவாட் பைக், மணல் சறுக்கு, பாராசூட் குதிப்பு எல்லாம் தனியே விற்கப்படும். பெரும்பாலும் இவை பேக்கேஜில் இல்லாதவை. வேறு நிறுவனங்கள் நடத்துபவை. அங்கே விபத்து நடந்தால் 'எங்களுக்குச் சம்பந்தமில்லை' என்று பேக்கேஜ் விற்றவர் கைவிரிக்கலாம். அதனால் அவற்றை யார் நடத்துகிறார்கள், யாருக்குப் பணம் போகிறது என்று ரசீதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது அவசியம்.

பயணிக்கும் கடமைகள் உண்டு. எட்டோஷாவில் முகாமையும் குறிப்பிட்ட நிறுத்தங்களையும் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. பூங்காக்களில் அனுமதியின்றி ட்ரோன் பறக்கவிடக் கூடாது. ஹிம்பா பழங்குடி மக்களின் குடியிருப்பில் அவர்கள் சம்மதமின்றிப் படம் எடுக்கக் கூடாது. தந்தம், தோல், கொம்பு போன்றவற்றை யார் விற்றாலும் வாங்கக் கூடாது. நமீபியச் சட்டமும் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இரண்டு பக்கமும் பிடிக்கும்.

மஞ்சள் அட்டையும் காய்ச்சலும்

நமீபியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால் சென்னையிலிருந்து போகும் பலர் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் பறக்கிறார்கள். எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருப்பவை. அங்கே விமான நிலையத்துக்குள்ளேயே மாறிவிட்டால் இந்திய விதி விலக்கு தருகிறது. இணைப்பு விமானம் தவறி ஊருக்குள் ஓர் இரவு தங்க நேர்ந்தால் நிலைமை மாறிவிடும். மஞ்சள் அட்டை எனப்படும் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் திரும்புபவரை இந்திய விமான நிலையச் சுகாதார அதிகாரிகள் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். நமீபியாவும் அத்தகைய நாடுகள் வழியாக வருபவர்களிடம் சான்றிதழ் கேட்கும். பயண இடைவெளி 12 மணி நேரத்தைத் தாண்டினால் கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடுகிறார்கள்.

மலேரியா ஆபத்து விண்ட்ஹுக்கிலும் கடற்கரையிலும் சோசஸ்ஃப்ளேயிலும் இல்லை. எட்டோஷாவிலும் அதற்கு வடக்கிலும், குறிப்பாக நவம்பர் முதல் ஜூன் வரை, உண்டு. ஆப்பிரிக்காவில் அதிகம் பரவுவது மூளையைப் பாதிக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. 'நம் ஊரிலும் கொசு கடிக்கிறதே' என்ற அலட்சியம் உயிரை வாங்கும். தடுப்பு மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும். திரும்பி வந்து சில வாரங்களிலோ மாதங்களிலோ காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா போய்வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பிள்ளைகளுடன் போகும் குடும்பங்கள் பிறப்புச் சான்றிதழையும், பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் போனால் மற்றவரின் சம்மதக் கடிதத்தையும் எடுத்துச் செல்ல வேண்டும். விசா விதிகளைப் பயணத் தேதிக்கு அருகில் டெல்லியில் உள்ள நமீபியத் தூதரகத்திடமே உறுதி செய்துகொள்வது பாதுகாப்பு. ஜோஹன்னஸ்பர்க் வழியாகத் தனித்தனி டிக்கெட்டில் போகிறவர் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கத் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அதற்குத் தனி விசா வேண்டும்.

காப்பீட்டில் பார்க்க வேண்டிய மூன்று வரிகள்

நமீப் நடுவில் ஒருவருக்கு மாரடைப்பு வந்தால் நல்ல மருத்துவமனை விண்ட்ஹுக்கிலோ கடற்கரை நகரங்களிலோதான். சிறு விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்தச் செலவை யார் ஏற்பார் என்ற உத்தரவாதத்தைத் தனியார் மருத்துவமனைகள் முதலிலேயே கேட்கும்.

எனவே பாலிசியில் முதலில் தேட வேண்டியது, அவசர மருத்துவ மீட்பு என்ற பிரிவும் அதன் தொகையும். இரண்டாவது, சாகச விளையாட்டு விலக்கு. மணல் சறுக்கும் குவாட் பைக்கும் அதில் வருமா என்று நிறுவனத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். மூன்றாவது, ஏற்கெனவே உள்ள நோய்கள். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் மறைத்து வாங்கிய பாலிசி, தேவைப்படும் நாளில் நிராகரிக்கப்படும். இந்தியாவை விட்டுக் கிளம்பிய பிறகு பொதுவாக இந்தப் பாலிசியை வாங்க முடியாது.

யாரிடம் வாங்குகிறோம்?

சென்னையிலோ கோவையிலோ பேக்கேஜ் விற்பவரே பெரும்பாலும் பயணத்தை நடத்துவதில்லை. அவர் மும்பை மொத்த விற்பனையாளரிடம் வாங்கியிருப்பார். அந்த மும்பைக்காரர் கேப் டவுன் நிறுவனத்திடம். அந்நிறுவனம் விண்ட்ஹுக்கில் ஒருவரிடம். சிக்கல் வந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள்.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் உதவுகிறது. தான் யாருக்காக ஒப்பந்தம் செய்கிறேன் என்று பெயர் சொல்லாத ஏஜென்ட், தானே அந்த ஒப்பந்தத்துக்குப் பொறுப்பானவர் என்று அச்சட்டத்தின் 230-வது பிரிவு அனுமானிக்கிறது. பயணத்தை நடத்தும் நமீபிய நிறுவனத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதில் இரட்டை லாபம் உண்டு. பெயர் கிடைத்தால் அந்நிறுவனம் நமீபியச் சுற்றுலா வாரியத்தில் பதிவு பெற்றதா என்று வாரியத்திடமே விசாரிக்கலாம். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அந்த வாரியத்தில் பதியாமல் சஃபாரி நடத்துவது அங்கே குற்றம். பெயர் கிடைக்காவிட்டால் விற்றவரே பொறுப்பு.

நிறுவனம் திவாலானால்? 2019 செப்டம்பர் 23 அன்று பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் மூடப்பட்டபோது, வெளிநாடுகளில் இருந்த சுமார் 1.5 லட்சம் பயணிகளை அந்நாட்டு அரசு அமைப்பு வீடு கொண்டுவந்து சேர்த்தது. பேக்கேஜ் விற்பவர்கள் பயணிகளின் பணத்துக்குப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லை. சுற்றுலா அமைச்சகத்தின் அங்கீகாரம்கூட விருப்பப்பட்டவர் பெறுவதே. 2021 பிப்ரவரியில் ஏர் நமீபியா பறப்பதை நிறுத்தியபோது டிக்கெட் வைத்திருந்தவர்கள் கடன்காரர் வரிசையில் நிற்க நேர்ந்தது. இதனால்தான் முழுத்தொகையையும் ஆறு மாதம் முன்பே கட்டச் சொல்லும் தள்ளுபடிகளில் எச்சரிக்கை தேவை. தவணையாகவும் கடன் அட்டை மூலமாகவும் கட்டுவது நல்லது. தனிநபர் வங்கிக் கணக்குக்கோ யூ.பி.ஐ. எண்ணுக்கோ அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இயற்கை இடையூறு பற்றிய விதியையும் படிக்க வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் எட்டோஷாவில் பரவிய தீ பூங்காவின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை எரித்தது. அணைக்க ராணுவம் வந்தது. இப்படி நேர்ந்தால் மாற்று இடம் தருவார்களா, பயன்படுத்தாத பூங்காக் கட்டணம் திரும்புமா, பயணி விலகிக்கொள்ளலாமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பணம் கட்டுமுன் ஏஜென்டுக்கு ஒரு மின்னஞ்சல் போதும்: 'பயணத்தை நடத்தும் நமீபிய நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் தரவும். ஒவ்வோர் இரவும் தங்கும் முகாமின் பெயர் என்ன? செஸ்ரியத்தில் பூங்காக் கதவுக்கு உள்ளேயா? வேலி உள்ள முகாம்கள் எவை? பணியாளர் எத்தனை பேர்? உள்ளூரில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு? குறைந்தபட்ச ஆட்கள் சேராவிட்டால் பணம் முழுதும் எத்தனை நாளில் திரும்பும்?' பதில் வந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதி ஆகும். பதிலே வராவிட்டால் வேறு ஏஜென்டைத் தேடலாம்.

'எல்லாம் என் சொந்தப் பொறுப்பில்'

முதல் நாள் காலை, பெட்டிகள் ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கும்போது, வழிகாட்டி ஒரு படிவத்தை நீட்டுவார். எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல என்று அதில் இருக்கும். கையெழுத்துப் போடாவிட்டால் வண்டியில் ஏற முடியாது. படிவத்தை முன்பே அனுப்பச் சொல்லிப் படிப்பதும், கையெழுத்திட்ட பிரதியைப் படம் எடுத்துக்கொள்வதும் செய்யக்கூடியவை.

அந்தக் கையெழுத்தோடு எல்லா உரிமையும் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற கருத்தைக் கொண்டுவந்தது. ஒரு தரப்பின் உரிமைகளைப் பெரிதும் பறிக்கும் நிபந்தனைகளை மாநில நுகர்வோர் ஆணையம் செல்லாததாக அறிவிக்கலாம். வழக்கை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்ற நிபந்தனையும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது. எமார் என்ற கட்டுமான நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் இதை உறுதிப்படுத்தியது.

பேக்கேஜ் விற்றவரின் பொறுப்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு, இலங்கையில் நடந்த சம்பவத்தால் எழுந்த வழக்கு ஒன்று வழிகாட்டுகிறது. 2010 ஜூலையில் பிரிட்டனிலிருந்து அங்கே சுற்றுலா வந்த பெண் ஒருவர் ஹோட்டல் ஊழியரின் பாலியல் வன்முறைக்கு ஆளானார். பேக்கேஜ் விற்ற குவோனி நிறுவனம், ஊழியர் தங்களுடையவர் அல்ல என்றது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 2021 ஜூலையில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் அந்தப் பெண்ணின் பக்கம் தீர்ப்பளித்தது. விடுமுறைச் சேவையை இன்னொருவர் மூலம் வழங்கினாலும் விற்றவரின் பொறுப்பு போய்விடாது என்பது அதன் சாரம். லண்டனிலோ பாரிசிலோ வாழும் தமிழர்கள் அங்கேயே பேக்கேஜ் வாங்கினால் இத்தகைய சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு நேரடியாக உண்டு.

தவறு நடந்துவிட்டால்

முதல் வேலை, அங்கேயே அப்போதே எழுத்தில் புகார் சொல்வது. முகாம் மாறியது, வண்டியில் பெல்ட் இல்லை, வழிகாட்டி குடித்துவிட்டு ஓட்டினார் என்று எதுவானாலும் தேதி, இடம், நேரத்தோடு ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பிலாவது அனுப்பிவிட வேண்டும். படங்களும் ரசீதுகளும் துணை. குடிபோதையில் இருப்பவர் ஓட்டும் வண்டியில் ஏற மறுப்பது பயணியின் உரிமை. அதற்காக ஆகும் மாற்றுச் செலவையும் பின்னர் கேட்கலாம். திருட்டு, தாக்குதல், விபத்து என்றால் போலீஸ் அறிக்கையின் பிரதி இல்லாமல் காப்பீடு நகராது. பாஸ்போர்ட் தொலைந்தாலோ கைதானாலோ விண்ட்ஹுக் இந்தியத் தூதரகத்தை அணுகலாம். வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்திலும் பதியலாம். நிறுவனத்தின் மீதான புகாரை நமீபியச் சுற்றுலா வாரியத்துக்கும் அனுப்ப வேண்டும்.

அட்டை மோசடி நடந்தால் உடனே வங்கிக்குச் சொல்ல வேண்டும். வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டப் பொறுப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். பேக்கேஜே போலி என்று தெரிந்தால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணை அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே மறிக்க வாய்ப்பு.

ஊர் திரும்பியபின் ஏஜென்ட் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் பல விவகாரங்கள் அங்கேயே பேசி முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் வழக்கு. ஏஜென்ட் மும்பைக்காரராக இருந்தாலும், மதுரையில் வசிப்பவர் மதுரை மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இது. கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய்வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம்வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம்.

ஒவ்வொரு பரிகாரத்துக்கும் காலக்கெடு உண்டு. விமானத்தில் பெட்டி சேதமானால் 7 நாளுக்குள், தாமதமாக வந்தால் கையில் கிடைத்த 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் தர வேண்டும். காப்பீட்டு நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ நிராகரித்தாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது, கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய்வரை இழப்பீடு வழங்க அவருக்கு அதிகாரம் உண்டு. வங்கி 30 நாளில் தீர்க்காத புகாரை ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் 14448 என்ற எண்ணில் விசாரித்துக் கொண்டுபோகலாம். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். ஏஜென்டின் சமாதானப் பேச்சைக் கேட்டுக் காத்திருந்தாலும் இந்தக் கெடுக்கள் தானாக நீளாது; பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மனுவைத் தாக்கல் செய்துவிடலாம்.